மண்ணுக்குப் பட்ட கடன்

நகரங்களின் சரித்திரத்தை எழுதியவர்கள் அவற்றின் அரண்மனைகளைப் பற்றி எழுதினார்கள். துறைமுகங்களைப் பற்றியும் கடைத்தெருக்களைப் பற்றியும் எழுதினார்கள். அந்நகரங்களில் வாழ்ந்தோரின் கழிவுநீர் எங்கே போயிற்று என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. கேட்கக் கூசும் கேள்வி என்று மற்றவர்கள் எண்ணியிருக்கலாம். ஆனால் ஒரு சமுதாயம் தன் கழிவை எந்த ஆற்றில் கொட்டுகிறது, யாருடைய தலையில் சுமத்துகிறது, யாருடைய குடியிருப்பை நோக்கித் திருப்பிவிடுகிறது என்பவற்றை ஆராய்ந்தால், அச்சமுதாயத்தின் வர்க்க அமைப்பு முழுவதும் வெட்டவெளிச்சமாகிவிடும்.

கழிவுநீரைச் சுத்திகரித்து வயலுக்கும் ஆலைக்கும் மீண்டும் பயன்படுத்தும் முறை இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. அஃது அண்மைக்கால விஞ்ஞானத்தின் புதுமை என்ற எண்ணமும் பரவியிருக்கிறது. உண்மையில் இதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. அச்சரித்திரத்தின் சிறந்த அத்தியாயம் ஒன்றை எழுதியவர்கள் பொறியியலாளர்கள் அல்லர். கல்கத்தா நகரின் கிழக்கு எல்லையிலே சேற்றில் நின்று உழைத்த மீன்வளர்ப்போரும் தோட்டக்காரருமே அதனை எழுதினர். அவர்களின் கதையைச் சொல்லுமுன், அவர்களை ஆண்ட இலண்டன் மாநகரின் கதையைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

பயிர் மண்ணிலிருந்து நைதரசனையும் பொசுபரசையும் பொற்றாசியத்தையும் எடுத்து வளர்கின்றது. அப்பயிரை உண்ணும் மனிதன் அவற்றிற் பெரும்பகுதியைக் கழிவாக வெளியேற்றுகிறான். கிராமத்தில் உண்டவனின் கழிவு கிராமத்து மண்ணுக்கே திரும்பியபோது கணக்கு நேராக இருந்தது. தானியம் நகரத்துக்கு ஏற்றப்பட்டு, கழிவு கிராமத்துக்குத் திரும்பாதுபோனபோது, நகரம் மண்ணுக்குக் கடன்பட்டது. சீனத்திலும் யப்பானிலும் நகரத்துக் கழிவை விலைகொடுத்து வாங்கிச் சென்ற கமக்காரர்கள் அக்கடனைப் பல நூற்றாண்டுகளாக அடைத்து வந்தனர். இலண்டனிலும் ஒருகாலம் அவ்வாறே நடந்தது. வீட்டுக் குழிகளை இரவிலே துப்புரவு செய்து, அள்ளியதைச் சுற்றுப்புறத்துப் பண்ணைகளுக்கு விற்கும் தொழிலாளர் அங்கும் இருந்தனர்.

1801இல் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்களைக் கொண்டிருந்த இலண்டன், 1851இல் இருபத்துமூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோரின் நகரமாயிற்று. ஆலைத்தொழில் கிராமத்து மக்களை நகரத்துக்கு விரட்டியது. வசதி படைத்தோர் வீடுகளில் நீரூற்றிக் கழுவும் மலசலகூடம் வந்தது. குழிகள் மூடப்பட்டு, வீட்டுக் கழிவெல்லாம் மழைநீர்க் கால்வாய்களில் இணைக்கப்பட்டது. கால்வாய்கள் தேம்ஸ் நதியில் விழுந்தன. அந்த நதியிலிருந்தே தண்ணீர்க் கம்பெனிகள் மக்களுக்குக் குடிநீர் விற்றன! 1848-49 ஆண்டுகளில் வந்த கொலராவில் மாத்திரம் இலண்டனில் பதினாலாயிரம் பேருக்கு மேல் மாண்டனர். 1854இல் ஜோன் ஸ்னோ என்ற மருத்துவர், நோய் குடிநீர் வழியே பரவுகின்றது என்பதைப் புரோட் வீதித் தண்ணீர்ப் பம்பை ஆராய்ந்து எடுத்துக்காட்டினார். ஆளும் வர்க்கம் உடனே விழித்துக்கொள்ளவில்லை. 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸின் துர்நாற்றம் பாராளுமன்றத்தின் சாளரங்களுக்குள்ளே புகுந்தபோதுதான் சட்டம் விரைந்து பிறந்தது. ஏழைகளின் பிணங்களால் ஆகாத காரியம், கனவான்களின் மூக்குகளால் ஆயிற்று.

யோசப் பசல்கெட் என்ற பொறியியலாளரின் தலைமையில் எண்பது மைல்களுக்கு மேற்பட்ட பெருங்கால்வாய்கள் கட்டப்பட்டு, கழிவு முழுவதும் நகருக்குக் கிழக்கே கொண்டுசெல்லப்பட்டது. அது மகத்தான சாதனை. கொலராவை இலண்டனிலிருந்து விரட்டிய சாதனை. அதனைக் குறைத்து மதிப்பிடல் தகாது. எனினும், கழிவு மறைந்துவிடவில்லை, இடம் மாறியது. 1878 செப்டம்பரில் 'பிரின்சஸ் அலிஸ்' என்ற உல்லாசப் படகு, கால்வாய்கள் ஆற்றில் விழும் இடத்துக்கு அருகே மூழ்கியது. அறுநூறுக்கு மேற்பட்டோர் அக்கழிவு வெள்ளத்திலே மாண்டனர்.

மண்ணுக்குரிய சத்தைக் கடலில் கொட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், இங்கிலாந்து பெரு நாட்டின் சிஞ்சாத் தீவுகளிலிருந்து பறவை எச்சத்தைப் பசளையாகக் கப்பல் கப்பலாக இறக்குமதி செய்துகொண்டிருந்தது. அதனை வெட்டியெடுத்தவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட சீனத் தொழிலாளர்கள். சொந்த மண்ணின் கடனை அடைக்க வேறொரு கண்டத்தைச் சூறையாடினர் என்பதே இதன் பொருள். ஜேர்மன் இரசாயன அறிஞர் லீபிக் இந்த வீண்விரயத்தைக் கடுமையாகக் கண்டித்தார். கழிவைப் பயன்படுத்துமாறு 1865இல் இலண்டன் மேயருக்குக் கடிதங்கள் எழுதினார். லீபிக்கை ஊன்றிக் கற்ற கார்ல் மார்க்சும், நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையே முதலாளித்துவம் ஏற்படுத்திய பிளவுக்கு இலண்டனின் கழிவையே உதாரணமாகக் கொண்டார். பெருஞ்செலவில் ஒரு நதியைக் கெடுப்பதைத் தவிர அதனால் வேறெதுவும் செய்ய முடியவில்லை என்பது அவர் காட்டிய முரண்பாடு. பிரான்சிலோ, பியர் லெரு என்ற சோசலிசவாதி, ஒவ்வொரு மனிதனும் தன் கழிவால் தனக்குரிய உணவை மீட்க முடியும் என்று ஒரு தத்துவமே வகுத்தார். பாரிஸ் நகரம் 1869 முதல் ஜெனவில்லியே சமவெளியில் தன் கழிவுநீரைப் பாய்ச்சிக் காய்கறி விளைவித்தது.

இலண்டனின் முறையை ஆங்கிலேயர் தம் இந்தியத் தலைநகருக்கும் கொண்டுவந்தனர். 1860களிலும் 1870களிலும் கல்கத்தாவில் நிலத்தடிக் கால்வாய்கள் அமைக்கப்பட்டன. மேற்கே ஹூக்ளி நதி ஓடியபோதிலும், நகரத்து நிலம் கிழக்கு நோக்கியே சரிந்திருந்தது. ஆகவே கழிவெல்லாம் கிழக்கேயுள்ள உவர்நீர் ஏரிகளுக்குள்ளும் வித்தியாதரி நதிக்குள்ளும் செலுத்தப்பட்டது. கடலின் ஏற்றவற்றம் அதனை அடித்துச் செல்லும் என்பது அதிகாரிகளின் கணக்கு. நகரத்துக் குப்பையும் அதே திசையில் தாப்பா என்னும் சதுப்பிலே கொட்டப்பட்டது.

நதி அந்தக் கணக்குக்கு உடன்படவில்லை. வெட்டப்பட்ட கால்வாய்களும், மீட்கப்பட்ட நிலங்களும், அணைகளும் வித்தியாதரியின் நீரோட்டத்தைக் குறைத்தன. வண்டல் படிந்து நதி மேடாயிற்று. 1928இல் அது செத்த நதி என்று அரசாங்கமே அறிவித்தது. உப்புநீர் வரவு நின்றமையால், உவர்நீர் மீன்களை நம்பி வாழ்ந்தோரின் தொழிலும் நின்றது. ஏகாதிபத்தியப் பொறியியல் அவர்களுக்கு விட்டுச் சென்றவை இரண்டே: ஒன்று வற்றிய ஏரி, மற்றது நகரத்துக் கழிவுநீர்.

அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவர்கள் ஒரு புதிய உற்பத்தி முறையை உருவாக்கினர். குப்பைமேடான தாப்பாவில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காலத்திலேயே கழிவுநீர் பாய்ச்சிக் காய்கறி பயிரிடத் தொடங்கியிருந்தனர். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏரிகளுள்ளும் கழிவுநீர் அளவறிந்து விடப்பட்டு, நன்னீர் மீன் வளர்க்கப்பட்டது. வங்காளத்தில் 'பேரி' என வழங்கும் இக்குளங்கள் நூற்றுக்கணக்கில் பெருகின.

இதன் இயக்கத்தை விளங்கிக்கொள்வது கடினமன்று. குளத்தின் ஆழம் பெரும்பாலும் ஓர் ஆளின் இடுப்பளவு அல்லது நெஞ்சளவுதான். மாரிக்காலத்தின் பின் குளத்தை வற்றவைத்து, அடித்தரையை வெயிலில் காயவிட்டு, உழுது, சுண்ணாம்பு இடுவர். பின்னர் கழிவுநீரை உள்ளே விட்டுச் சில வாரங்கள் அசையாது நிற்கவைப்பர். வெயிலின் உதவியால் நீரில் பச்சை அல்காக்கள் பெருகும். அவை ஒட்சிசனை வெளியிடும். அந்த ஒட்சிசனைக் கொண்டு பற்றீரியாக்கள் கழிவின் சேதனப் பொருள்களைச் சிதைக்கும். சிதைந்த பொருள் மீண்டும் அல்காவுக்கு உணவாகும். அல்காவையும் அதனை உண்ணும் நுண்ணுயிர்களையும் மீன் உண்ணும். நோய்க்கிருமிகளோ வெயிலினாலும் நாட்களின் நீட்சியினாலும் பெரும்பாலும் அழிந்துபோகும். ரோகு, கட்லா, மிருகால் முதலிய கெண்டையின மீன்கள் இவ்வாறு வளர்கின்றன. கரையோரம் விடப்பட்ட ஆகாயத்தாமரை அலையினின்று கரையைக் காப்பதோடு, நீரிலுள்ள உலோகங்களையும் ஓரளவு உறிஞ்சுகிறது. குளத்திலிருந்து வெளியேறும் நீர் கீழேயுள்ள நெல்வயல்களுக்குப் பாய்கிறது.

எந்த நாளில் எவ்வளவு கழிவுநீர் விடலாம் என்பதை இங்குள்ள தொழிலாளி நீரின் நிறத்தையும் மணத்தையும் கொண்டே அறிகிறான். அளவு மீறினால் ஒட்சிசன் குறைந்து மீன் மடியும். அளவு குறைந்தால் மீன் வளராது. பல தலைமுறைகளின் அனுபவம் அவன் கையில் அறிவாகச் சேர்ந்திருக்கிறது. மான்செஸ்டரில் ஆடன், லொக்கெட் என்னும் இருவர் 1914இல் வெளியிட்ட சுத்திகரிப்பு முறையும் இதே உயிரியல் உண்மையை அடிப்படையாகக் கொண்டதே. அங்கே யந்திரம் காற்றை ஊதுகிறது. இங்கே சூரியனும் அல்காவும் அவ்வேலையைச் செய்கின்றன. அங்கே செலவு உண்டு. இங்கே விளைவு உண்டு. வேற்றுமை அவ்வளவே.

இதனை ஒரு பொற்காலக் கதையாகச் சொல்வது உண்மைக்கு மாறானது. அறிவு உழைப்பவனுடையது, குளம் அவனுடையதன்று. பேரிகள் நிலவுடைமையாளரிடமும் குத்தகைக்காரரிடமும் இருந்தன. 1953இல் மேற்கு வங்காளத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோது மீன்குளங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. சட்டத்தின் அந்த ஓட்டை பெருவுடைமையாளருக்கு வாய்ப்பாயிற்று. 1967, 1969ஆம் ஆண்டுகளில் ஐக்கிய முன்னணி அரசுகள் பதவியேற்று, ஹரேகிருஷ்ண கோனார் நிலவருவாய் அமைச்சரானபோது, பிறர் பெயரில் மறைத்து வைக்கப்பட்ட நிலங்களைக் குடியானவர்கள் கைப்பற்றினர். இருபத்துநான்கு பர்கானா மாவட்டத்து மீன்குளங்களும் அந்தப் போராட்டத்துக்குள் வந்தன. சில குளங்கள் பின்னாளில் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் வசமாயின. பல இன்றும் தனியார் வசமே இருக்கின்றன.

குளத்தின் உடைமை பற்றிய போராட்டம் ஒருபுறம் நடக்க, குளமே இல்லாது போகும் அபாயம் மறுபுறம் எழுந்தது. 1960களில் ஹூக்ளியின் மணலைக் குழாய் வழியே கொண்டுவந்து உவர்நீர் ஏரியின் வடபகுதியைத் தூர்த்து, சால்ட் லேக் என்னும் புதிய நகரை அமைத்தனர். நடுத்தர வர்க்கத்துக்கு வீடு கிடைத்தது. மீன்தொழிலாளிக்கு நீர் போயிற்று. நகரம் மேலும் கிழக்கே நகர்ந்தது. சதுப்பு என்றால் வீணான நிலம் என்பதே திட்டமிடுவோரின் அகராதி.

1980களின் தொடக்கத்தில் அரசாங்கச் சுகாதாரப் பொறியியலாளரான துருபஜோதி கோஷ், கல்கத்தாவின் கழிவுநீர் இறுதியில் என்ன ஆகின்றது என்பதை அறியப் புறப்பட்டார். கால்வாயின் வழியே நடந்து சென்றவர், பெரும் சுத்திகரிப்பு நிலையம் எதுவுமின்றியே அந்நகரம் தன் கழிவைச் சுத்திகரித்து வருவதைக் கண்டார். நிலையம் இல்லாத இடத்தில் மனிதர் இருந்தனர். நகரம் அவர்களுக்கு ஒரு காசும் கொடுக்கவில்லை. மாறாக, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான தொன் மீனையும், தாப்பாவின் காய்கறிகளையும், நெல்லையும் அவர்களிடமிருந்து மலிவாகப் பெற்றுக்கொண்டது. கோஷ் இவ்வுண்மையை எழுதினார், பேசினார், 2018இல் இறக்கும்வரை ஓயாது வாதாடினார். சதுப்பு நிலத்தில் வர்த்தக மையம் முதலிய கட்டிடங்களை எழுப்பும் திட்டத்தை எதிர்த்துப் பொதுமக்கள் அமைப்பொன்று தொடுத்த வழக்கிலே, 1992இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் அந்நிலத்தைக் காக்குமாறு தீர்ப்பளித்தது. 2002 ஆகஸ்டில் 12,500 ஹெக்டேயர் பரப்புள்ள இப்பிரதேசம் ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. ஆயினும் நிலவியாபாரியின் கண் அதனை விட்டு அகலவில்லை.

வயலின் கதை இது. ஆலையின் கதை சற்று வேறானது. அதற்குச் சென்னையை நோக்குவோம். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீர், 1960களிலிருந்து குழாய்க்கிணறுகள் மூலம் இறைக்கப்பட்டு நகரத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் அனுப்பப்பட்டது. இறைத்த வேகத்துக்கு மழை ஈடுகொடுக்கவில்லை. நன்னீர் தாழ்ந்த இடத்தில் கடல்நீர் ஏறியது. கரையோரக் கமக்காரரின் கிணறுகள் உவரிநீராயின. ஆலை குடித்தது நன்னீர். உழவனுக்கு மிஞ்சியது உப்பு.

இந்நிலையில் 1990களில் மணலியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும், கொடுங்கையூரில் ஓரளவு சுத்திகரிக்கப்பட்ட நகரத்துக் கழிவுநீரை வாங்கி, மேலும் தூய்மையாக்கிப் பயன்படுத்தத் தொடங்கின. நுண்ணிய சவ்வொன்றின் ஊடாக நீரை அழுத்திச் செலுத்தி உப்பைப் பிரிக்கும் முறை இதற்கு உதவியது. கலிபோர்னியாவில் சிட்னி லோப், சௌரிராஜன் என்னும் இரு விஞ்ஞானிகள் 1960ஐ ஒட்டி உருவாக்கிய சவ்வே அம்முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, மக்கள் குடங்களோடு தண்ணீர் லொறிகளுக்காக இரவுபகலாய்க் காத்து நின்றனர். அவ்வாண்டின் பிற்பகுதியில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும், நாளொன்றுக்கு நாலரைக் கோடி இலீற்றர் வீதம் கழிவுநீரை ஆலைகளுக்கு ஏற்ற நீராக்கும் இரு நிலையங்கள் திறக்கப்பட்டன.

இஃது வரவேற்கத்தக்க காரியமே. கொதிகலனுக்கும் குளிரூட்டும் கோபுரத்துக்கும் குடிநீர் எதற்கு? ஆலை ஒருமுறை பயன்பட்ட நீரை எடுத்துக்கொண்டால், அந்த அளவு நன்னீர் மக்களுக்கு மிஞ்சும். ஆனால் அது தானாக மிஞ்சாது. மிஞ்சிய நீர் சேரியின் பொதுக்குழாய்க்குப் போகின்றதா, இன்னுமொரு ஆலைக்குப் போகின்றதா என்பதை நிர்ணயிப்பது விஞ்ஞானமன்று, அரசியல். கழிவுநீர் விலையற்றதாய்க் கிடந்தவரை அது ஏழையின் வாசலில் ஓடியது. அதற்கு விலை ஏற்பட்டதும், அதைக் கொள்ளும் ஆற்றல் படைத்தவனிடம் ஓடிவிடக் கூடாது.

கழிவுநீரைக் கண்டு மக்கள் அஞ்சுவதற்கு நியாயமான காரணம் ஒன்றும் உண்டு. பச்சைக் கழிவுநீரைப் பாய்ச்சும் வயலில் வேலை செய்வோருக்கும் அவர்களின் குழந்தைகளுக்கும் குடற்புழு நோய் வருவதை மருத்துவ ஆய்வுகள் காட்டியுள்ளன. நீரைத் தேக்கி வைத்தலும் முறையான சுத்திகரிப்பும் அந்த அபாயத்தைத் தணிக்கும். தணிக்க முடியாத அபாயம் வேறிடத்திலிருந்து வருகின்றது. மனித உடலின் கழிவை மண் ஏற்கும். பல்லாயிரம் ஆண்டுகளாக ஏற்று வந்திருக்கிறது. ஈயத்தையும் கட்மியத்தையும் குரோமியத்தையும் மண்ணால் செரிக்க முடியாது. பாரிஸைச் சுற்றி நூறாண்டுகளுக்கு மேலாகக் கழிவுநீர் பாய்ந்த நிலங்கள் சிலவற்றில், 1990களின் முடிவில் காய்கறி விளைவிப்பதே தடைசெய்யப்பட்டது. உலோக நஞ்சு மண்ணில் சேர்ந்துவிட்டமையே காரணம். கல்கத்தாவிலும் தோல் பதனிடும் ஆலைகளின் குரோமியம் அதே கால்வாய்களில் கலந்தது. 1996இல் இந்திய உச்சநீதிமன்றம் அவ்வாலைகளை அகற்றுமாறு கட்டளையிட்டது. அவை குடியேற்றப்பட்ட பந்தலாவோ அந்த ஈரநிலத்தின் ஓரத்திலேயே இருக்கின்றது!

ஆகவே, கழிவுநீரை நஞ்சாக்கியவர் யார் என்று கேட்க வேண்டும். மக்கள் வெளியேற்றியது பசளை. அதிலே நஞ்சைக் கலந்தது, தன் கழிவுக்குத் தானே செலவிட மறுத்து அதைப் பொதுக்கால்வாயில் தள்ளிய இலாபவேட்டை. ஆலைக் கழிவை ஆலையின் வாசலிலேயே தடுத்துச் சுத்திகரிக்கச் செய்யாமல், அதைக் கலந்த பின்னர் உழவனின் விளைச்சலைத் தடைசெய்வது, திருடனை விட்டுவிட்டுப் பறிகொடுத்தவனைத் தண்டிப்பதாகும்.

இன்னொரு கடனும் இருக்கின்றது. கழிவு தானாக நகர்வதில்லை. நம் நாட்டு நகரங்களில் வாளி மலசலகூடங்கள் இருந்த காலத்தில், அவற்றைச் சுமப்பதற்கென்றே ஆங்கிலேய ஆட்சியில் தென்னிந்தியாவின் தாழ்த்தப்பட்ட மக்கள் கொண்டுவரப்பட்டனர். தொழிலைச் சாதியோடு பிணைத்து, அவர்களை நகரத்தின் ஒதுக்குப்புறத்தில் குடியிருத்தினோம். இந்தியாவில் மனிதன் மலம் அள்ளுவதை 1993இலும் 2013இலும் சட்டங்கள் தடைசெய்தன. இன்றும் பாதாளக் கால்வாய்களுள் நச்சுவாயுவால் தொழிலாளர் மாண்டுகொண்டிருக்கின்றனர். நீரைத் தூய்மையாக்கும் சவ்வுக்குக் கோடிகளைச் செலவிடும் சமுதாயம், கால்வாயில் இறங்குபவனின் உயிருக்கு எவ்வளவு செலவிடுகிறது என்பதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

ஆறற்ற யாழ்ப்பாணத்தில் வாழும் நமக்கு இச்சரித்திரம் தூரத்துக் கதையன்று. சுண்ணாம்புக் கல்லின் அடியில் தங்கும் மழைநீரே நமது ஒரே செல்வம். அதே கல்லின் வெடிப்புகளூடாக மலசலகூடக் குழிகளின் கசிவும், தோட்டங்களுக்கு அளவுமீறி இடும் இரசாயனப் பசளையின் நைத்திரேற்றும் கிணற்றுக்குள் இறங்குகின்றன. மண்ணுக்கு உணவாக வேண்டியது குழந்தையின் குடிநீருக்கு நஞ்சாகிறது. மண்ணுக்கோ பிறநாட்டுப் பசளையை விலைகொடுத்து வாங்குகிறோம். இலண்டன் அன்று செய்த தவறு சிறிய அளவில் நம் முற்றத்திலேயே நடைபெறுகிறது.

மாணவர்க்கு நீரின் வட்டத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டும் ஆசிரியர்கள், கடல், முகில், மழை, ஆறு என்பவற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த வட்டத்தில் நகரத்தையும், ஆலையையும், கால்வாயில் இறங்கும் தொழிலாளியையும், கல்கத்தாவின் பேரியில் நிறம்பார்த்து மதகைத் திறக்கும் மீன்வளர்ப்போனையும் சேர்த்து வரையும்போதுதான் அது முழுமை பெறும். மண்ணுக்குப் பட்ட கடனை அடைக்கும் வழியை விஞ்ஞானம் காட்டிவிட்டது. உழைப்பவர்கள் அதனைச் செய்தும் காட்டிவிட்டார்கள். அடைபட்ட கடனின் பயன் அவர்களுக்கே சேர வேண்டும் என்பதே இனி நிலைநாட்டப்பட வேண்டியது.